கொதிக்கும் சிவப்பு, குளிர்ந்த நீலம்: சோழமண்டலக் கரையின் மெழுகு ஏன் கப்பலேறவில்லை

சோழமண்டலக் கரையின் சீட்டித்துணியில் (கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணி), நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடிய வேலையைப் பற்றியது இது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு ஆவணங்கள். முதலாவது, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி அந்துவான் தெ பொல்யூ 1734 வாக்கில் புதுச்சேரியில் இருந்து எழுதிய கையெழுத்துப் படி. சீட்டித்துணி எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி அந்தந்த விவரத்தோடு சேர்த்து வைத்தார். அப்படிச் சேர்ந்த 11 துண்டுகளோடு அந்தப் படி இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாவது, இயேசு சபையைச் சேர்ந்த கேர்து பாதிரியார் 1742 ஜனவரி 18 அன்று பாரிசில் இருந்த து ஆல்த் பாதிரியாருக்கு எழுதிய நீண்ட கடிதம். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத்தொழிலாளிகளை வெவ்வேறு நேரத்தில் தனித்தனியாக விசாரித்து, பதில்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து அதை எழுதினார்.

இரண்டுமே தொழில் ரகசியத்தைக் கொண்டுபோகும் முயற்சிதான். பொல்யூவை அந்த வேலையில் இறக்கியவர், பாரிசில் சாயத்தொழிலை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் து ஃபே. கேர்தும் தன் நாட்டுத் தொழிலுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதினார். இத்தனைக்கும் அப்போது பிரான்சில் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிக்குத் தடை இருந்தது. இறக்குமதிக்கும் உள்நாட்டில் அச்சிடுவதற்கும் 1686இல் போட்ட தடை 1759 வரை நீங்கவில்லை. இங்கிலாந்திலும் 1721 சட்டம் பெரும்பாலான அச்சுப் பருத்தியை உடுத்தவே கூடாது என்றது. பட்டு, கம்பளி நெசவாளர்களின் எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது. காரணம், துவைக்கத் துவைக்க நிறம் தெளியும் துணி அவர்களிடம் இல்லை, இங்கே இருந்தது.

தடை நீங்கியபோது செய்முறை கையில் இருந்தது. ஓபர்காம்ப் 1760இல் ழூயி ஊரில் தொடங்கிய அச்சுக்கூடம் உட்பட பிரான்சில் பட்டறைகள் பல கிளம்பின. படிகாரத்தை நிறமூன்றியாக (சாயத்தை இழையில் நிலைக்கவைக்கும் பொருளாக) தீட்டி, வேர்ச்சாயத்தில் வேகவைத்துச் சிவப்பு எடுக்கும் வழி அங்கே வேரூன்றியது. அதே ஆவணங்களில் அதே அளவு விரிவாக எழுதப்பட்டிருந்த மெழுகு வேலை மட்டும் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

துணி போன வழி

மெழுகு எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்தால்தான் அதன் வேலை புரியும். பாதி வெளுத்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் தோய்த்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறமூன்றியைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு அது கோடு தாண்டிப் பரவாமல் தடுக்கும். பிறகு துணியைக் கட்டையால் அடித்து மழமழப்பாக்குவது. ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் உருவம் இறங்கும். அதன்மேல் கறுப்பு, சிவப்புக் கோடுகள். புளித்த கஞ்சியில் ஊறிய இரும்பு நீர், கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பாகும். படிகார நீருக்கு நிறம் கிடையாது என்பதால், தீட்டிய இடம் கண்ணுக்குத் தெரியப் பதிமுகக் கட்டையின் சாயத்தைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். கோடு முடிந்த துணி, சிவப்புச் சாயம் தரும் சாயவேர் போட்ட பானைக்குள் போகும், சிவப்பு நிலைபெறும்.

இதற்குப் பிறகுதான் மெழுகு.

பூ, இலை, கொடி, தரை எல்லாவற்றிலும் நீலமோ பச்சையோ ஏற வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மீதித் துணி முழுவதையும் உருகிய தேன்மெழுகால் மூடுவார்கள். கருவி, மெல்லிய இரும்புக் கம்பிகளால் ஆன எழுதுகோல்; அதன் நடுவே மயிரால் சுற்றிய ஒரு பந்து. பந்து சூடான மெழுகைக் குடித்து வைத்துக்கொண்டு முனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அடுப்பிலிருந்து எடுத்த நொடி முதல் மெழுகு ஆறத் தொடங்கிவிடும். நல்ல சூட்டில் தொட்டால் துணி ஈரம்பட்டதுபோல் நிறம் மாறி ஊடுருவித் தெரியும். மெழுகு இழைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறிய மெழுகால் இழுத்த கோடு துணிமேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும். பார்க்க அழகாக, கெட்டியாக இருக்கும். ஆனால் அடியில் இழை திறந்தே கிடப்பதால் தொட்டியில் இறக்கியதும் நீலம் உள்ளே புகுந்துவிடும். அதிகச் சூட்டில் தொட்டாலோ மெழுகு ஓடி, நீலம் ஏற வேண்டிய இடத்தையும் அடைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகிய வெப்பத்தை அளக்கக் கருவி எதுவும் அன்று கிடையாது. கோட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த முக்கு.

மெழுகு எழுதி முடித்த துணியை வெயிலில் போடுவார்கள் என்று கேர்து எழுதுகிறார். மெழுகு மறுபக்கம் எட்டும் அளவுக்கு மட்டும் இளக வேண்டும். எட்டியதும் உடனே எடுத்துவிட வேண்டும். பிறகு துணியைப் புரட்டி அழுத்தித் தேய்த்து, அடிப்பக்கத்திலும் மெழுகைப் பரப்ப வேண்டும். ஆக, கரையின் வெயிலும் இந்தச் செய்முறையில் ஒரு கருவி. ஒரு பக்கம் எழுதினாலே இரண்டு பக்கமும் மூடியாகிவிடும்.

அப்படி மூடிய துணி ஓவியரின் கையை விட்டுப் போகும். தீட்டுபவர் வேறு, நீலச் சாயக்காரர் வேறு என்று கடிதம் தெளிவாகச் சொல்கிறது. சில நாள் கழித்து நீலம் ஏறிய துணி திரும்பி வரும். கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்து, உவர்மண் கரைத்த நீரில் அலசி, அடுத்த கட்டத்துக்குத் தயார் செய்வார்கள்.

இரண்டு வெப்பங்கள்

இந்த வேலையின் மூளை இந்த வரிசையில்தான் இருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசுக்குள் உருகும். சாயவேர் சிவப்புக்குக் கொதி வேண்டும். கொதிநிலையை நெருங்காமல் அதன் சிவப்பு நிறப்பொருளான அலிசரின் படிகாரத்தோடு சரியாகச் சேராது. ஆகவே மெழுகால் மூடிய துணியைச் சிவப்புப் பானையில் இறக்கி, மூடிய இடத்தைக் காப்பாற்றவே முடியாது. மெழுகு முதல் நிமிடங்களிலேயே கழன்று மேலே மிதக்கும்.

நீலச் சாயம் தரும் அவுரி நேர்மாறு. நீலப்பொருள் தண்ணீரில் கரையாது. காரத்தன்மையுள்ள நீரில் நொதிக்க வைத்து அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால்தான் மஞ்சள்பச்சைக் கரைசலாக மாறி இழைக்குள் போகும். துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்முன்னே பச்சையாகி, நீலமாகி, அங்கேயே தங்கிவிடும். தென்னிந்தியத் தொட்டியில் நொதிக்கு வேகவைத்த தகரை விதையைப் போட்டார்கள். இந்த நொதிப்பு நம் ஊர் வெப்பத்திலேயே நடக்கும், சூடேற்ற வேண்டியதில்லை. மெழுகு அசையாமல் நிற்கும்.

நீலத்துக்குத் தொட்டி குளிர்ந்தது, எனவே மெழுகு. சிவப்புக்குப் பானை கொதிப்பது; எனவே நிறமூன்றியைக் கையால் தீட்டுவது. நீலத்தைத் தூரிகையால் தீட்டுவதும் கஷ்டம். கரைசல் காற்றுப் பட்டதும் தூரிகையிலேயே நீலமாகிக் கரையாப் பொருளாகிவிடும். ஒவ்வொரு நிறத்தின் குணத்துக்கும் ஒவ்வொரு வழியைக் கண்டுபிடித்து, ஒன்றை ஒன்று கெடுக்காத வரிசையில் கோத்திருக்கிறார்கள். இதை யார் முதலில் யோசித்தார்கள் என்பதற்குப் பெயர் எந்த ஆவணத்திலும் கிடைக்கவில்லை. கேர்து விசாரித்த தொழிலாளிகளின் பெயரை அவரே குறித்திருக்கலாம் என்ற ஆதங்கம் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

மெழுகு இரண்டாம் முறையும் வருகிறது. அங்கேதான் இந்தத் தொழிலாளிகளின் அறிவு எனக்கு மிகவும் வியப்பாக இருக்கிறது. நீலம் முடிந்தபின், சிவப்பாக வேண்டிய இதழ்களுக்குள் நரம்புகளும் நுண்புள்ளிகளும் வெள்ளையாக நிற்க வேண்டும். அந்த வெள்ளைக் கோடுகளை மெழுகால் வரைந்துவிட்டு, அதன்மேல் இதழ் முழுக்கப் படிகார நீரைத் தீட்டுவார்கள். துணி சாயவேர்ப் பானைக்குள் போகும். மெழுகு உருகிப் போய்விடுமே? போகட்டும். அதன் வேலை பானைக்கு முன்பே முடிந்துவிட்டது. மெழுகு இருந்த இடத்தில் படிகாரம் படவில்லை. படிகாரம் இல்லாத இடத்தில் சிவப்பு நிலைக்காது. பானையிலிருந்து வரும்போது துணி முழுவதும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து வெளுக்க வெளுக்க, படிகாரம் இல்லாத இடங்கள் வெள்ளைக்குத் திரும்பும். நீலத்தின்போது சாயத்தையே தடுத்த மெழுகு, சிவப்பின்போது நிறமூன்றியை மட்டும் தடுக்கிறது. பொருள் ஒன்று, தடுக்கும் விதம் இரண்டு.

18ஆம் நூற்றாண்டுச் சீட்டித்துணி எதையாவது அருங்காட்சியகத்தில் பார்க்க நேர்ந்தால் ஒரு சிவப்பு இதழுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உள்ளே ஓடும் வெள்ளைக் கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடித்து, போகப் போக மெலிந்து, முடிவில் காணாமல் போகும். முனை முதலில் தொட்டபோது மெழுகு நிறைய இருந்தது, இழுக்க இழுக்கக் குறைந்தது. மர அச்சில் செதுக்கிய கோட்டுக்கு இந்த மெலிவு வராது. தொடக்கமும் முடிவும் ஒரே தடிமன். அதே துணியில் இலைகள் பெரும்பாலும் நீலமாகத் தெரியும். அவை பச்சையாக இருந்தவை. நீலத்தின்மேல் தீட்டிய மஞ்சள் வெளிச்சத்தில் மங்கி, தொட்டி நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கப்பலேறியதும் ஏறாததும்

படிகாரம், துவர்ப்பு, வேர்ச்சாயம், சாணத்தால் வெளுத்தல் ஆகியவற்றை ஐரோப்பியப் பட்டறைகள் எடுத்துக்கொண்டன. சாயவேருக்குப் பதில் அவர்களிடம் மஞ்சிட்டி இனத்து வேர் இருந்தது. படிகார நீரைப் பசையாக்கி மர அச்சில் ஒற்றினார்கள். சிவப்பும் கறுப்பும் அச்சில் ஓடின. நீலம் சிக்கலானது.

மெழுகை அவர்கள் அறியாதவர்கள் அல்ல. தொடக்ககால ஐரோப்பியப் பட்டறைகளில் மெழுகிட்டுத் தொட்டியில் தோய்த்ததும் உண்டு. நாளடைவில் அதை விட்டு மூன்று வழிகளுக்குப் போனார்கள். ஒன்று, மெழுகின் இடத்தில் களிமண்ணும் கோந்தும் கலந்த பசையை அச்சில் ஒற்றித் தொட்டியில் தோய்ப்பது. இரண்டு, இங்கிலாந்தில் தோன்றிய எழுதுநீலம்: அவுரியோடு அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் காற்றில் நீலமாவது சற்றுத் தாமதமாகும், அந்த இடைவெளியில் தூரிகையால் தீட்டிவிடலாம். அரிதாரம் ஆர்சனிக் நஞ்சு. அதைப் பட்டறைக்குள் பெண்கள் கையால் தீட்டினார்கள். மூன்று, அரைத்த அவுரியையே துணியில் அச்சிட்டு, சுண்ணாம்பு நீரிலும் இரும்பு உப்பு நீரிலும் மாற்றி மாற்றித் தோய்த்துத் துணிமேலேயே கரையவைப்பது.

மெழுகை விட்டதற்குக் காரணம் கூலிதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. நீலம் சிறு பகுதி. மெழுகு மூடுவது மீதி அனைத்தும். ஒரு விரிப்பு அளவுத் துணியில் பத்தில் ஒன்பது பங்கைக் கையால் மூடுவதற்கு எவ்வளவு ஆள்நேரம் பிடிக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். ஆனாலும் கூலியை மட்டும் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. எழுதுநீலமும் கைவேலைதான், அதற்கு ஆள் வைத்தார்களே.

என் கணிப்பில் பெரிய காரணம் வெப்பம். கம்பளிக்குப் பழகிய ஐரோப்பிய நீலத் தொட்டிகள் கை பொறுக்கும் சூட்டில் வைக்கப்பட்டவை. மெழுகு அங்கே இளகும். குளிர்ந்த தொட்டிக்கு இரும்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த புதிய முறை வர வேண்டியிருந்தது. அது வந்தபோது அச்சில் ஒற்றும் பசையும் கூடவே இருந்தது. இன்னொன்று வெயில். மெழுகை மறுபக்கம் வரை இறக்கப் புதுச்சேரியில் துணியை வெளியே விரித்தால் போதும். குளிர்நாட்டில் அதே துணியை அடுப்புச் சூட்டில் காட்ட வேண்டும். அங்கே ஒரு மூலை ஓடிவிடும், இன்னொரு மூலை உறைந்து கிடக்கும். குளிரில் மெழுகு நொறுங்கவும் செய்யும். பொல்யூவின் 11 துண்டுகள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் காட்டுகின்றன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் துணி எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது, எப்போது எடுத்தார்கள் என்பதைத் துண்டு காட்டாது.

மெழுகு தங்கிய இடம்

மெழுகிட்டு நிறம் ஏற்றும் பாத்திக் துணிக்குப் பெயர்போன ஜாவாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே மெழுகு எல்லா நிறத்துக்கும் வேலை செய்தது. அவுரி குளிர்ந்தது, மரப்பட்டைகளில் எடுத்த சோகா பழுப்பு குளிர்ந்தது, நுணா இனத்து வேரில் எடுத்த சிவப்பைக் கூட எண்ணெய் ஏற்றிய துணியில் பல நாள் குளிர்ந்த நீரிலேயே தோய்த்து எடுத்தார்கள். கொதிக்கும் பானை இல்லாததால் ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகிட்டு, தோய்த்து, நீக்கி, மறுபடி மெழுகிடலாம். சிறு செப்புக் குடுவையில் குழல் வைத்த சாந்திங் என்ற கருவி, மெழுகைச் சூடு குறையாமல் நீண்ட கோடாக விட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செப்புப் பட்டையால் செய்த சாப் என்ற மெழுகு அச்சு வந்து வேலையை விரைவாக்கியது. 2009 அக்டோபர் 2 அன்று இந்தோனேசியப் பாத்திக் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

டச்சுக்காரர்கள் இதையும் இயந்திரத்தில் செய்து பார்த்தார்கள். 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கி இன்று விலிஸ்கோ என்று அறியப்படும் ஆலை அந்த மரபில் வந்தது. மெழுகுக்குப் பதில் மரப்பிசினை இரு பக்கமும் அச்சிட்டு நீலத் தொட்டியில் இறக்கியபோது பிசின் வெடித்து, விரிசல் வழியே நீலக் கீற்றுகள் இறங்கின. ஜாவாவில் நல்ல பாத்திக்குக்கு விரிசல் ஒரு குறைபாடு. அங்கே அந்தத் துணி எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அதே கீற்றுகளை விரும்பி வாங்கினார்கள். சோழமண்டலத் தொழிலாளிக்கும் விரிசல் ஆகாது. தொட்டியில் துணியை மடியாமல் பார்த்துக்கொள்வதும், எளிதில் நொறுங்காத தேன்மெழுகைப் பயன்படுத்தியதும் அதற்காகத்தான். இன்று பாத்திக் வகுப்புகளில் பாரபின் மெழுகைக் கலந்து வேண்டுமென்றே நொறுக்கி விரிசல் வரவைப்பதைப் பார்த்து, மெழுகு வேலை என்றாலே விரிசல் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அது வேறு ரசனை. இந்தக் கரையின் ரசனை அல்ல.

இங்கே மிஞ்சியது

செயற்கை அலிசரினை 1868இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை அவுரியை 1897இல் விற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டியவர்களுக்கு வேலை போனது. இங்கே அவுரித் தொட்டிகள் வற்றின. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக நெய்த கோடாலிக்கருப்பூர்ச் சேலைகள், ஜரிகைப் புட்டா நெய்தபின் மெழுகுத் தடுப்பிலும் கைத்தீட்டலிலும் நிறம் ஏறியவை. அரண்மனை ஆதரவு போனதும் அவையும் நின்றன.

காளஹஸ்தியில் 1950களில், எழுதுகோலால் துணியில் வண்ணம் தீட்டும் கலம்காரிக்குப் பயிற்சி நிலையம் வைத்து மீட்டார்கள். மீண்டது கோடு, கடுக்காய், பால், படிகாரம், இரும்பு நீர். மெழுகு பெரும்பாலும் மீளவில்லை. நீலத்தைத் தூரிகையால் நேரே தீட்டுகிறார்கள். தீட்டிய நீலம் மேல்பரப்பில் நிற்கும். தொட்டி நீலம் இழையின் உள்ளே போய் இரு பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஒரே துணியில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியும்.

மீட்க நினைப்பவர்கள் மெழுகை மட்டும் தனியாகக் கற்றுக்கொடுத்தால் பலன் குறைவு என்பது என் உறுதியான கருத்து. மெழுகு தொட்டிக்காகவே இருந்த வேலை. பருத்திக்கு எந்த நிறத்தையும் குளிர்ந்த நீரில் ஏற்றும் வினைச் சாயங்கள் 1956இல் வந்துவிட்டன; அவற்றோடு மெழுகைப் பயன்படுத்தினால் பாத்திக் வரும், சீட்டி வராது. சீட்டி வேண்டுமென்றால் பயிற்சி நிலையத்தில் நொதித்த அவுரித் தொட்டி ஒன்று ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத் தீட்டுபவர் அல்லாத இன்னொருவருக்குச் சம்பளம் வேண்டும். பயிற்சியை முதலில் நீலத்தில் தொடங்காமல், வெள்ளை நரம்பு ஓடும் சிவப்பு இதழில் தொடங்கலாம். அதற்குத் தொட்டி தேவையில்லை. ஒரு கைப்பிடித் தேன்மெழுகு, படிகாரம், சாயவேரோ மஞ்சிட்டியோ போதும். மெழுகின் சூட்டைக் கை பழகிக்கொள்ளும், உருகிப் போனாலும் வேலை நிற்கிறது என்பதையும் மாணவர் துணியிலேயே பார்த்துவிடுவார். தொட்டியை அதற்குப் பிறகு திறக்கலாம்.